தொலைவிலிருந்து சர்வரை நிர்வகிக்க ஒரு பேனல்: எந்தக் கருவிகளை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் சர்வரின் அமைப்புகளைப் பிரவுசரில் இருந்தபடியே மாற்ற ஒரு பேனல் கட்டலாம் என்று நினைப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ரூட் அதிகாரம் (சர்வரில் எதையும் செய்யலாம் என்ற முழு அதிகாரம்) எந்த புராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலின், கையில் இருக்கிறது, அதை வைத்து அது என்னென்ன செய்ய முடியும். இது தெளிவாகிவிட்டால் கருவியைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

எஸ்எஸ்எச் இருக்கே, அப்புறம் தனியா ஒரு பேனல் எதுக்கு?

சர்வரைத் தொடுபவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் தேவையே இல்லை. நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் அப்பட்டமாகப் போய்த் திருடுபோனதைப் பார்த்துத்தான் 1995-இல் டாட்டு யூலோனென், தொலைவில் இருக்கும் சர்வரில் பாதுகாப்பாக லாகின் ஆகி கமாண்டுகளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச்சை எழுதினார். அன்றிலிருந்து உலகமே அதை உரசிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீங்களோ நானோ எழுதப்போகும் பேனலுக்கு அந்த அளவு சோதனை ஒருநாளும் கிடைக்காது.

ஷெல் (கமாண்டுகளைத் தட்டி வேலை வாங்கும் இடம்) தெரியாத ஒருவர் மெயில் கணக்கு சேர்க்க வேண்டியிருக்கலாம். இரவுப் பணியில் இருப்பவர் ஒரே ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கலாம். முழு ஷெல்லைக் கொடுக்காமல் நாலைந்து வேலைகளை மட்டும் ஒப்படைக்க வேண்டிய இந்த மாதிரி இடங்களில்தான் பேனலுக்கு அர்த்தம் உண்டு. அந்த வேலைகள் எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். "எல்லாம்தான்" என்பது பதிலானால் எஸ்எஸ்எச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெப்மின், காக்பிட் எல்லாம் ரெடியா இருக்கும்போது நாமே எழுதணுமா?

பெரும்பாலும் வேண்டாம். இரண்டுமே பிரவுசரில் திறக்கும் தயார் பேனல்கள்தான், ஆனால் ஒரே மாதிரியானவை இல்லை. வெப்மினின் வெப் சர்வர் 10000 போர்ட்டில், ரூட்டாகவே ஓடுகிறது. அது செய்யாத வேலையே இல்லை என்று சொல்லலாம், அதுதான் அதன் பலமும் சிக்கலும். காக்பிட் 9090 போர்ட்டில் கேட்கிறது, யாராவது இணைந்தால் மட்டும் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் நிரல்) அதை எழுப்பிவிடுகிறது. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் பயனர் கணக்கிலேயே லாகின் ஆகிறோம், அந்தப் பயனருக்கு என்ன அதிகாரமோ அதுதான் பேனலிலும். தனியாக ஒரு பயனர் பட்டியலைக் காபந்து செய்யும் தலைவலி இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் காக்பிட்டைத்தான் சொல்வேன்.

வெப்மின் பற்றிப் பேசினால் 2019 சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பில்டு சர்வருக்குள் யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் பின்கதவு வைத்திருந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியே வந்தது (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2019-15107). 1.890 பதிப்பில் எந்த அமைப்பையும் மாற்றாமலே அது வேலை செய்தது. கிட்ஹப்பில் இருந்த மூல நிரல் சுத்தமாக இருந்தது, தரவிறக்கப் பொதியில்தான் விஷம். பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பதிப்பில், வெளியே திறந்துகிடந்து ரூட்டாக ஓடிய ஒவ்வொரு பேனலிலும் ஒரே ஒரு கோரிக்கையில் முழுச் சர்வரும் கைமாறக்கூடிய நிலை இருந்தது.

தயாராக இருப்பவற்றில் உங்கள் தாளில் உள்ள வேலைகள் அடங்கவில்லை, அல்லது தேவைக்கு மேல் நூறு வேலைகள் திறந்திருக்கின்றன என்றால் மட்டும் சொந்தமாக எழுதுங்கள். காக்பிட்டுக்கு ஒரு சின்னச் செருகுநிரல் எழுதுவது இரண்டுக்கும் நடுவே நல்ல வழி. பலர் அதை யோசிப்பதே இல்லை.

பைத்தானா, கோவா, பிஎச்பியா? எந்த மொழி பாதுகாப்பு?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழி. உண்மையில் பார்க்க வேண்டியது, வெளிக் கமாண்டை அது எப்படி அழைக்கிறது என்பதைத்தான். சர்வீஸ் பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் பெயருக்குப் பின் ஓர் அரைப்புள்ளியும் இன்னொரு கமாண்டும் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உரையை ஒட்டி ஒரே சரமாக ஷெல்லிடம் கொடுத்தால், ஷெல் இரண்டையும் ஓட்டும். வாதங்களைப் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல்லே நடுவில் வராது. பைத்தானின் சப்புராசஸ், கோவின் ஓஎஸ்-எக்ஸெக், நோடின் எக்ஸெக்ஃபைல், பிஎச்பி 7.4 முதல் புராக்-ஓப்பன் எல்லாமே பட்டியலை ஏற்கும்.

பட்டியலாகக் கொடுத்துவிட்டேன், பிரச்சினை தீர்ந்தது என்றும் இருக்கக் கூடாது. உள்ளீடு ஒரு கழித்தல் குறியோடு தொடங்கினால் அழைக்கப்படும் நிரல் அதைத் தன் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். ஆப்ஷன்கள் முடிந்தன என்று காட்டும் இரட்டைக் கழித்தல் குறியை நடுவில் வைப்பது ஒரு தடுப்பு. அதைவிட நல்லது, பயனரைத் தட்டச்சு செய்யவே விடாமல், அனுமதித்த பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, வந்த மதிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சர்வர் பக்கத்தில் சரிபார்ப்பது.

பேனலை ரூட்டாவே ஓட்டிட்டா வேலை சுலபமாச்சே?

சுலபம்தான், மேலே சொன்ன 2019 கதையும் அதே சுலபத்தில்தான் நடந்தது. வெப் பக்கம் என்பது எச்டிடிபி பகுப்பாய்வு, டெம்ப்ளேட், செஷன், பத்துப் பதினைந்து நூலகங்கள் எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. அதில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ரூட் போய்விடும்.

இரண்டாகப் பிரியுங்கள். வெப் பகுதி எந்த அதிகாரமும் இல்லாத தனிக் கணக்கில் ஓடட்டும். ரூட் தேவைப்படும் வேலைக்கு ஒரு குட்டி உதவி நிரல், முன்னூறு வரிக்குள். அது யுனிக்ஸ் சாக்கெட்டில் (அதே சர்வரில் ஓடும் நிரல்கள் மட்டும் பேசும் வழி) மட்டும் கேட்கும். எதிர்முனையில் எந்தப் பயனர் என்பதைக் கெர்னலிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளும். "சர்வீஸ் ரீஸ்டார்ட், பெயர் இது" போன்ற பத்துக் கோரிக்கைகளைத் தவிர வேறு எதையும் புரிந்துகொள்ளாது. "இந்தக் கமாண்டை ஓட்டு" என்ற பொதுக் கோரிக்கை அதில் இருக்கவே கூடாது. யாராவது அதைச் சேர்க்கச் சொன்னால் அன்றைக்கே பிரித்ததன் பயன் போச்சு.

தனி நிரல் எல்லாம் எதுக்கு, சூடோல நாலு கமாண்டைக் கொடுத்தா முடிஞ்சுதே?

முடியும், குறிப்பிட்ட கமாண்டை மட்டும் ரூட்டாக ஓட்ட ஒரு பயனரை அனுமதிப்பதுதான் சூடோ. ஆனால் அந்த அனுமதிகளை எழுதும் சூடோயர்ஸ் கோப்பு பார்க்கிற மாதிரி எளிமையானது இல்லை. வாதங்களின் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அது இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே விழுங்கும். ஒரு கோப்பைப் படிக்க மட்டும் என்று நினைத்துக் கொடுத்த அனுமதி, பக்கத்தில் இன்னொரு கோப்பையும் சேர்த்துப் படிக்க வழிவிட்டுவிடும்.

இன்னொன்று, சில நிரல்கள் தமக்குள்ளேயே ஷெல்லுக்கு வாசல் வைத்திருக்கின்றன. விஐ எடிட்டரைச் சூடோவில் கொடுத்தால் ரூட் ஷெல்லையே கொடுத்ததற்குச் சமம். பழைய சிஸ்டம்டி பதிப்புகளில் சர்வீஸின் நிலையைக் காட்டும் கமாண்டுகூட நீளமான வெளியீட்டை லெஸ் என்ற நிரலில் திறக்கும், அதிலிருந்து ஆச்சரியக்குறி போட்டு ஷெல்லுக்குத் தாவலாம். ஆகவே சூடோ என்றால் முழுப் பாதை, முழு வாதம், நட்சத்திரம் இல்லாமல், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு வரி. வரிகள் இருபதைத் தாண்டினால் உதவி நிரலுக்கு மாறிவிடுங்கள்.

ஒரு சர்வர் இல்லை, பத்துப் பதினைஞ்சு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஏஜென்ட் போடணுமா?

ஏஜென்ட் என்றால் ஒவ்வொரு சர்வரிலும் எப்போதும் ஓடும் இன்னொரு ரூட் புராசஸ், இன்னொரு புரோட்டோகால். பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மாஸ்டர் என்ற மையச் சர்வர் சொல்வதை மற்ற சர்வர்கள் ரூட்டாகச் செய்யும். 2020-இல் அதன் மாஸ்டரில் லாகினே இல்லாமல் கட்டளையிடும் ஓட்டை (சிவிஇ-2020-11651) வெளிவந்தபோது, 4505, 4506 போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள் மொத்தச் சர்வர்களையும் பறிகொடுக்கக்கூடிய நிலை வந்தது.

சின்ன எண்ணிக்கைக்கு எஸ்எஸ்எச்சே போதும். பேனலுக்கென்று ஒரு சாவி உண்டாக்கி, ஒவ்வொரு சர்வரிலும் எந்தச் சாவிகளை உள்ளே விடலாம் என்று பட்டியலிடும் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் ஒரு கட்டாயக் கமாண்டை எழுதுங்கள், கூடவே 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஆப்ஷனையும் (ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2, 2016 முதல் உண்டு). அந்தச் சாவியோடு யார் வந்தாலும், என்ன கேட்டாலும், மேலே சொன்ன உதவி நிரல் மட்டும்தான் ஓடும். டெர்மினல் கிடையாது, போர்ட் ஃபார்வர்டிங் கிடையாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பாதுகாப்பு தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஆன்சிபிள் வைச்சு, மேல ஒரு பட்டன் போட்டா ஆகாதா?

ஆகும், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். முன்கூட்டியே எழுதிவைத்த வேலைப் பட்டியலை (பிளேபுக்) எஸ்எஸ்எச் வழியாகப் பல சர்வர்களில் ஓட்டும் கருவிதான் ஆன்சிபிள். ஏடபிள்யூஎக்ஸ், செமஃபோர், ரன்டெக் போன்றவை அந்தப் பட்டனைத் தயாராகவே தருகின்றன. மாற்றத்தைச் செய்யாமலே என்ன மாறும் என்று காட்டும் சோதனை ஓட்டம் ஆன்சிபிளில் இருக்கிறது. சொந்தமாக எழுதினால் பல வாரம் பிடிக்கும் விஷயம் அது.

பலருக்குத் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு. ஆன்சிபிள் தன் மாடியூல்களைத் தற்காலிகப் பைத்தான் கோப்புகளாக அனுப்பி ஓட்டுகிறது, அதனால் எதிர்ச் சர்வரில் அதற்குப் பொதுவான சூடோ வேண்டும். "இந்த நாலு கமாண்டு மட்டும்" என்று சுருக்க முடியாது. ஆகவே ஆன்சிபிளை ஓட்டும் இயந்திரம் எல்லாச் சர்வர்களுக்கும் ரூட் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தனியாக வைத்து, பேனல் அதனிடம் பெயர் குறிப்பிட்ட பிளேபுக்கை மட்டும் கேட்கும்படி செய்தால் சரி.

"ஹோஸ்ட் கீ மாறியிருக்கு"னு எரர் வருது. அந்தச் சோதனையை ஆஃப் பண்ணிடலாமா?

கூடாது. ஹோஸ்ட் கீ என்பது ஒரு சர்வரின் அடையாளச் சாவி, எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். பைத்தானின் எஸ்எஸ்எச் நூலகமான பாராமிக்கோ இயல்பாகவே தெரியாத ஹோஸ்டை மறுக்கும். ஆனால் அங்கங்கே கிடைக்கும் மாதிரி நிரல்களில் தெரியாத ஹோஸ்டையும் கேள்வியில்லாமல் ஏற்கும் ஆட்டோ-ஆட்-பாலிசி என்ற வரி ஒட்டிக்கொண்டே வரும், அதை நகலெடுத்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. கோ மொழி நூலகத்தில் அதே வேலைக்கான பெயரிலேயே 'இன்செக்யூர்' என்று இருக்கிறது, அப்படியும் போடுகிறார்கள்.

சர்வரை நிறுவும்போதே ஹோஸ்ட் கீயை எடுத்து பேனலின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சர்வர்கள் அடிக்கடி புதிதாக வந்துபோகும் இடம் என்றால் ஓப்பன்எஸ்எஸ்எச் சான்றிதழ்கள் நல்லது, 2010 முதலே இருக்கின்றன. ஒரு சான்றளிக்கும் சாவியை நம்பினால் போதும், பயனர் சாவிக்கும் ஒரு மணி நேரம் மட்டும் செல்லுபடி என்று வைக்கலாம்.

எச்டிடிபிஎஸ் போட்டாச்சு, போர்ட்டையும் மாத்தியாச்சு. இன்னும் வயர்கார்டு எதுக்கு?

போர்ட்டை மாற்றினால் லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். எச்டிடிபிஎஸ் வழியில் யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் லாகின் பக்கத்தை உலகம் முழுக்கத் திறந்து காட்டும். லாகினுக்கு முன்பே வேலை செய்யும் ஓட்டைகளுக்கு (வெப்மின், சால்ட் இரண்டும் அந்த வகை) கடவுச்சொல் எவ்வளவு நீளம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

வயர்கார்டு என்பது ஒரு விபிஎன், அதாவது உங்கள் இயந்திரங்களுக்குள் மட்டும் ஓடும் தனி நெட்வொர்க். தனக்குத் தெரியாத சாவியோடு வரும் பொதிக்கு அது பதிலே சொல்லாது, போர்ட் திறந்திருப்பதே வெளியே தெரியாது. 2020 மார்ச்சில் வந்த 5.6 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. பேனலை வயர்கார்டு முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்துவதானால் பேனலை லோக்கல்ஹோஸ்டில் (அந்தச் சர்வருக்குள் மட்டும் தெரியும் முகவரி) வைத்து எஸ்எஸ்எச் டன்னல் வழியாக வந்தாலே போதும்.

வெளியே தெரியாத பேனலுக்கு முறையான சான்றிதழ் எப்படி வாங்குறது?

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில், டொமைன் உங்களுடையதுதான் என்று டிஎன்எஸ் வழியாக நிரூபிக்கும் முறை இருக்கிறது, சர்வர் வெளியே திறந்திருக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: பொதுச் சான்றிதழ்கள் எல்லாம் வெளிப்படையான பதிவேட்டில் ஏறும். பேனலின் பெயரில் தனிச் சான்றிதழ் வாங்கினால் அந்தப் பெயர் யார் கண்ணிலும் படும். அது பிடிக்காவிட்டால் டொமைன் முழுவதற்குமான வைல்டுகார்டு வாங்குங்கள்.

பாஸ்வேர்டு கூட ஓடிபி ஆப் வெச்சிருக்கோம். போதும்தானே?

இல்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த எண்ணைப் போலிப் பக்கத்திலும் தட்ட முடியும், போலிப் பக்கம் அதை உடனே அசல் பக்கத்துக்கு அனுப்பிவிடும். பிரவுசரில் சாவி வைத்து லாகின் செய்யும் முறையான வெப்ஆத்தன் வழியாக வரும் பாதுகாப்புச் சாவியோ பாஸ்கீயோ தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, வேறு முகவரியில் கையெழுத்தே போடாது. 2019-லேயே தரநிலையாகிவிட்டது, எல்லா முக்கிய மொழிகளிலும் நூலகம் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு சாவிகள் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஒன்று தொலைந்த அன்றைக்கு நீங்கள் தூங்கலாம்.

வயர்கார்டுக்குள்ளதான் இருக்கு. சிஎஸ்ஆர்எஃப் தடுப்பு கூட வேணுமா?

வேண்டும். தாக்குபவர் உங்கள் நெட்வொர்க்குக்குள் வரத் தேவையில்லை, உங்கள் பிரவுசர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. ஒரு டேபில் பேனல், பக்கத்து டேபில் ஏதோ ஒரு பக்கம். அந்தப் பக்கம் உங்கள் பிரவுசரைக் கொண்டே பேனலுக்கு ஒரு படிவத்தை அனுப்ப முயலும், இதுதான் சிஎஸ்ஆர்எஃப். தடுப்பு இதுதான்: ஒவ்வொரு படிவத்திலும் யூகிக்க முடியாத டோக்கன், குக்கியில் சேம்சைட் (வேறு தளம் அனுப்பவைக்கும் கோரிக்கையோடு குக்கி போகாமல் தடுக்கும் அமைப்பு), நிலையை மாற்றும் எதுவும் கெட் கோரிக்கையில் வரக் கூடாது. நல்ல ஃபிரேம்வொர்க் எதிலும் இது தயாராக இருக்கும், சில ஃபிரேம்வொர்க்குகளில் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

பிரவுசர்லயே டெர்மினல் வெச்சா எல்லாருக்கும் வசதியா இருக்குமே?

எக்ஸ்டெர்ம்-ஜேஎஸ் என்ற நூலகத்தை வைத்து ஒரே நாளில் செய்துவிடலாம், அதுதான் ஆபத்து. தாளில் எழுதிய நாலைந்து வேலைகள் என்ற எல்லை அந்த நிமிடமே காலி. கட்டாயம் வேண்டுமென்றால் அதைப் பேனலிலிருந்து முழுக்கப் பிரித்து, தனி லாகினோடு, அந்தப் பயனரின் சொந்தக் கணக்கிலேயே திறக்கச் செய்யுங்கள். வெப்சாக்கெட் இணைப்பு வரும்போது எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்று சொல்லும் ஆரிஜின் தலைப்பைச் சரிபார்க்க மறக்கக் கூடாது. பிரவுசரின் வழக்கமான 'வேறு தளம் படிக்கக் கூடாது' தடுப்பு வெப்சாக்கெட்டுக்குப் பொருந்தாது.

தப்பான கான்ஃபிக் போட்டு நானே வெளிய மாட்டிக்கிட்டா?

எல்லோரும் கடைசியில் கேட்கும் கேள்வி, முதலில் கேட்டிருக்க வேண்டியது. ஃபயர்வாலில் ஒரு வரி தவறினால் பேனலும் போகும், எஸ்எஸ்எச்சும் போகும். நெட்வொர்க் கருவிகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஜூனிப்பர் ரவுட்டரில் உறுதிகேட்கும் கமிட் என்று ஒன்று உண்டு, 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பு தானாகத் திரும்பும். நெட்வொர்க் கருவிகளின் அமைப்பை மாற்றுவதற்கான நெட்காஃப் தரநிலையும் இயல்பாக 600 நொடி வைத்திருக்கிறது. உபுண்டுவின் நெட்பிளான் 'டிரை' 120 நொடி.

உங்கள் பேனலிலும் அதையே செய்யுங்கள். வரிசை இப்படி: புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுது. அந்தந்த நிரலின் சொந்தச் சோதனையை ஓட்டு (என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எச்டி, சூடோ மூன்றுக்கும் கான்ஃபிக்கை மட்டும் சரிபார்க்கும் வசதி இருக்கிறது). தேறினால் பழையதன் நகலை வைத்துக்கொள். பின்வாங்கும் டைமரைத் தொடங்கு. அப்புறம்தான் பெயர் மாற்றி இடத்தில் வை. ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும், பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது.

டைமர் எங்கே ஓடுகிறது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேனலிலோ பிரவுசரிலோ ஓடினால் பயனில்லை, இணைப்பு அறுந்த பிறகு அது எப்படிப் போய்த் திருத்தும்? மாற்றம் நடக்கும் சர்வரிலேயே, சிஸ்டம்டி-ரன் மூலம் ஒரு தற்காலிக டைமராக வையுங்கள். "சரி, வேலை செய்கிறது" என்ற பட்டன் புதிய இணைப்பு வழியாக வந்து அதை ரத்து செய்ய வேண்டும். பழைய இணைப்பு வழியாக வந்தால் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் எஸ்எஸ்எச்டியை ரீலோடு செய்தாலும் ஏற்கெனவே திறந்த செஷன்கள் அப்படியேதான் இருக்கும்.

கான்ஃபிக் எல்லாத்தையும் கிட்ல போட்டு வெச்சா வரலாறு கிடைக்குமே?

நல்ல யோசனை, சர்வரின் கான்ஃபிக் கோப்புகளைக் கிட்டில் பதிவுசெய்யும் ஈடிசிகீப்பர் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் அது பயனர்களின் கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பு உட்பட எல்லாவற்றையும் பதிவுசெய்யும். அந்த ரெப்போவை வெளிச் சேவைக்குத் தள்ளினால் கடவுச்சொல் ஹாஷ்களும் கூடவே போகும். ரகசியங்களைத் தனியே வையுங்கள். சின்ன அமைப்புக்கு சிஸ்டம்டியின் கிரெடென்ஷியல் வசதி போதும், கிட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சாப்ஸ், ஏஜ் என்ற இரண்டு கருவிகளையும் சேர்த்து என்கிரிப்ட் செய்யலாம். வால்ட் போன்ற ரகசியக் காப்புச் சர்வர்கள், அவற்றைப் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டும்.

டாக்கர்ல போட்டுட்டா தனிமைப்படுத்தின மாதிரிதானே?

டாக்கர் ஒரு நிரலைக் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டுவது உண்மைதான், ஆனால் அந்தக் கன்டெய்னருக்குள் டாக்கர் சாக்கெட்டை (டாக்கருக்கே கட்டளையிடும் வாசல்) மவுன்ட் செய்யாத வரைக்கும்தான். அந்தச் சாக்கெட் கையில் இருந்தால் ஹோஸ்டின் முழு ஃபைல்சிஸ்டத்தையும் மவுன்ட் செய்து ஒரு புதிய கன்டெய்னரைத் தொடங்கலாம், எல்லாம் முடிந்தது. கூடவே, டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போகும். ஃபயர்வாலில் மூடிவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் வெளியிலிருந்து ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கட்டும். போர்ட்டை வெளியிடும்போதே வயர்கார்டு முகவரியையும் சேர்த்துக் குறிப்பிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பேனலையே யாராவது பிடிச்சுட்டா, லாகையும் அழிச்சிடுவாங்களே?

அழிப்பார்கள், அதனால் லாகைப் பேனல் எழுதக் கூடாது. அதிகாரம் உள்ள உதவி நிரல் எழுத வேண்டும்: யார் கேட்டார், என்ன மாற்றம், முன்னும் பின்னும் என்ன. அது உடனுக்குடன் இன்னொரு இயந்திரத்துக்குப் போக வேண்டும், அங்கே பேனலின் சாவி எதற்கும் நுழைவு இருக்கக் கூடாது. கடவுச்சொல் உள்ள வரிகளை எழுதும் முன்பே மறைத்துவிடுங்கள்.

வெப் பகுதியை மட்டும் பிடித்தவர் அந்தப் பத்துக் கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம், சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து தொல்லை தரலாம். புதிய பயனர் சேர்ப்பது, ஃபயர்வாலைத் திறப்பது போன்ற கனமான கோரிக்கைகளுக்கு உதவி நிரலே நேரடியாகப் பாதுகாப்புச் சாவியின் கையெழுத்தைச் சரிபார்த்தால், அவர் கையில் அதுவும் சிக்காது. எழுதக் கொஞ்சம் கூடுதல் வேலைதான். எந்தக் கோரிக்கைகளுக்கு அது வேண்டும் என்பதைத் தாளில் உள்ள பட்டியலிலேயே குறித்துவிடலாம்.